பெரிய ரைஃபிளை வீட்டில் வைக்க எது சரி: இரும்பு அலமாரியா, பெட்டகமா, பிரித்து வைப்பதா?

லைசென்ஸ் கிடைத்துவிட்டது, துப்பாக்கியும் வந்துவிட்டது. இனி அதை எங்கே வைப்பது? மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. ஊரைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும், அதற்கப்பால் காடு. புதிதாக நட்ட கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிட்டால் சிறுதோட்டக்காரருக்கு மறுபடி முதலிலிருந்து வேலை. அதற்காக லைசென்ஸ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அப்பா காலத்துத் துப்பாக்கிக்கு முறைப்படி விண்ணப்பித்துத் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஒருவர், "வெல்டிங் கடையில் சொல்லி அலமாரி அடித்துவிடவா?" என்பார். இன்னொருவர், "தீப்பிடிக்காத பெட்டகமே வாங்கிடலாமா அண்ணே?" என்பார்.

நம் நாட்டில் தனியார் கையில் இருப்பது பெரும்பாலும் 12 போர் (குழல் அளவு) ஷாட்கன்தான், சிதறுகுண்டு சுடும் துப்பாக்கி. கனமான ரைஃபிள் அரிது. ஆனாலும் இங்கே பெரிய ரைஃபிளையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். நீளம், எடை, மேலே பூட்டிய தொலைநோக்கி, சுட்டால் தோளில் இடிக்கும் இடி எல்லாமே அதில்தான் அதிகம். அதற்குப் பொருந்தும் ஏற்பாடு ஷாட்கனுக்கும் பொருந்தும். தவிர, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து அங்கே வேட்டைக்குப் போகும் நம் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள்.

எதை வாங்குவதற்கு முன்னும் லைசென்ஸ் கொடுத்த போலீஸ் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் லைசென்ஸில் என்ன நிபந்தனை இருக்கிறதோ அதுதான் முதல் விதி. நான் சொல்வதெல்லாம் அதற்கப்புறம். இந்த ஊருக்கு அதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கேயுள்ள எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதில்தான் எமர்ஜென்சி, அதாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம், தொடங்கியது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று சட்டம் இருந்த காலம் அது. எமர்ஜென்சி முடிந்த அதே 1960இல் வந்ததுதான் இன்றும் நடப்பில் இருக்கும் ஆயுதச் சட்டம். துப்பாக்கி என்றாலே குரலைத் தாழ்த்திப் பேசும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.

## எதை வைத்து அளப்பது

பெட்டி எவ்வளவு உறுதி என்று கேட்டுத்தான் பலரும் தொடங்குகிறார்கள். எனக்கு அது மூன்றாவது கேள்வி.

முதல் கேள்வி, வீட்டுக்குள் யார் கைக்கு எட்டும் என்பது. பள்ளி விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள், தீபாவளிக்கு நிறைந்துவிடும் வீடு, குடித்துவிட்டு வரும் மச்சான். லைசென்ஸ் ஒருவர் பெயரில்தான். சாவி மகனிடமும் இருந்தால், துப்பாக்கி யார் வசம் இருந்தது என்ற கேள்வி வரும்போது பதில் சொல்வது கடினம்.

இரண்டாவது, ஈரம். தீபகற்பத்தில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 60ஐத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். இங்கே துப்பாக்கியைக் கெடுப்பதில் திருடனைவிடத் துருவுக்குத்தான் வாய்ப்பு அதிகம். வியர்த்த கையால் போல்ட்டின் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) கைப்பிடியைத் தொட்டு அப்படியே வைத்துவிட்டால், சில நாளில் அந்த விரல்ரேகை ஆரஞ்சு நிறத்தில் இரும்பின் மேல் எழுந்து நிற்கும்.

மூன்றாவதுதான் திருட்டு. சின்ன ஊரில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். தைப்பூசத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதும் தெரியும். ஆகவே பெட்டி எத்தனை நிமிடம் தாங்கும், அதைப் பெயர்த்துத் தூக்கிப் போக முடியுமா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் அளவும் எடையும். 12 போர் இரட்டைக்குழல் மூன்று, மூன்றரை கிலோ. .375 எச் அண்ட் எச் மேக்னம் ரைஃபிள் தொலைநோக்கியோடு நாலரை கிலோவை நெருங்கும். யானை வேட்டைக்கென்று செய்த .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல் ஐந்து கிலோ வரும். அமெரிக்காவில் தனியார் வீடுகளிலும் இருக்கும் பேரட் .50 காலிபர் ரைஃபிள் கிட்டத்தட்ட 14 கிலோ, நீளம் 1.45 மீட்டர், கடையில் விற்கும் பல அலமாரிகளுக்குள் அது நிற்கவே நிற்காது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் .375கூடப் பெரும்பாலும் 110 செண்டிமீட்டரைத் தாண்டும். உள் உயரத்தை அளக்காமல், வெளி உயரத்தைப் பார்த்து வாங்கியவர்கள் பாடுபடுவது இதனால்தான்.

கடைசியாக வீடு. லயத்து வீடா, பாதி கல் பாதி பலகை வீடா, தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், இரட்டை மாடி வீடா என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடும்.

மர அலமாரி, கட்டிலுக்கு அடி, விசையில் மாட்டும் பூட்டு மட்டும் என்ற மூன்றையும் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. விசைப்பூட்டு நல்லதுதான், குழந்தை கையைத் தடுக்கும். ஆனால் துப்பாக்கியோடு சேர்த்துத் தூக்கிப் போவதை அது தடுக்காது. மர அலமாரியைக் கறையான் பார்த்துக்கொள்ளும்.

| | வீட்டார் கைக்கு எட்டாமை | ஈரம் | திருட்டு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| சுவரில் பூட்டிய இரும்பு அலமாரி | சாவியைப் பொறுத்தது | சமாளிக்கலாம் | சுவரைப் பொறுத்தது | நல்ல ஆங்கர் (சுவரில் இறுகும் போல்ட்), உலர்த்தும் கம்பி |
| தீத்தடுப்புப் பெட்டகம் | நன்று | மோசம் | நன்று | தூக்கும் கூலி, தளம், ஈரநீக்கி |
| பிரித்து இரண்டு இடத்தில் வைப்பது | மிக நன்று | நன்று | நன்று | பொறுமை |
| வெளியே ஒப்படைப்பது | முழுமை | அவர்கள் கையில் | நன்று | வாடகை, போக்குவரத்து |

## சுவரில் பூட்டிய இரும்பு அலமாரி

இதுதான் பெரும்பாலானவர்களின் தேர்வு. குறை சொல்வதற்கில்லை, ஆனால் இரும்பின் தடிமனைக் கேளுங்கள். அலுவலகக் கோப்பு அலமாரிபோல ஒரு மில்லிமீட்டர் தகட்டில் செய்ததைத் துப்பாக்கி அலமாரி என்று விற்கிறார்கள். கடப்பாரை போட்டு ஒரு நெம்பு நெம்பினால் கதவு மடங்கிவிடும். 3 மில்லிமீட்டர் தகடு, உள்ளே மறைந்த கீல், மேலும் கீழும் பக்கவாட்டிலும் பாயும் தாழ்க்கம்பிகள் இருந்தால் கைக்கருவிக்கு எளிதில் அசையாது. கிரைண்டர் வைத்தால் எந்தத் தகடும் தாங்காது என்பது வேறு விஷயம். சத்தம்தான் அங்கே காவல்.

எடை குறைந்த பெட்டியைச் சுவரிலோ தளத்திலோ பூட்டியே ஆக வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சாதாரண வேட்டைத் துப்பாக்கிகளுக்கு, காலிப் பெட்டி 150 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் பெயர்க்க முடியாதபடி பொருத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊருக்கும் அது நல்ல அளவுகோல். அலமாரி 40, 50 கிலோதான் இருக்கும். இரண்டு பேர் லாரியில் ஏற்றிவிடலாம்.

சிக்கல் சுவரில் இருக்கிறது. தாமான் வீட்டுச் செங்கல் சுவரில் டிரில் போடும்போது கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் பூச்சுத்தூள் உதிரும், பிறகு செங்கல் தூள். திடீரென்று டிரில் தடையே இல்லாமல் உள்ளே ஓடினால் அது இடைவெளி உள்ள கல், அல்லது கல்லுக்கு நடுவில் கலவை சரியாக நிரப்பாத இடம். அங்கே விரியும் ஆங்கரை இறுக்கினால் ஓட்டைதான் பெரிதாகும். கான்கிரீட் தூணும் சுவரும் சேரும் மூலையைத் தேடுங்கள்; முடியாவிட்டால் இரசாயனப் பசை ஆங்கர் போடுங்கள். தளத்துக்கும் இரண்டு போல்ட் அவசியம். பலகைச் சுவரில் பூட்டுவது பெயருக்குப் பூட்டுவதுதான்.

கனமான ரைஃபிளுக்கு இன்னொன்று பார்க்க வேண்டும். ஷாட்கனுக்குச் செய்த நுரைத்தாங்கியில் தொலைநோக்கி பூட்டிய ரைஃபிளைச் சாய்த்தால், ஒன்று மற்றொன்றின் மேல் சரியும். அந்த எடையில் இடிபட்டால் தொலைநோக்கியின் குறி தப்பிவிடும். நுரை ஈரத்தையும் குடிக்கும். குழல் அதில் படும் இடத்தில் மோதிரம்போல ஒரு துருக்கோடு விழுவதை அடிக்கடி பார்க்கலாம். நுரையை உரித்துவிட்டுப் பிளாஸ்டிக் உறையிட்ட தாங்கி போடச் சொல்லுங்கள்.

தகடு அலமாரியில் இடுக்கு இருப்பதால் சிலிக்கா ஜெல் சீக்கிரம் நிரம்பி வேலை செய்யாமல் போகும். அடியில் மெல்லிய வெப்பக் கம்பி ஒன்றைப் பொருத்தினால் போதும். உள்ளே காற்று கொஞ்சம் சூடாகி, ஈரப்பதம் இறங்கும். மின்சாரம் அதிகம் இழுக்காது.

யாருக்குப் பொருந்தும்: சொந்தக் கல் வீடு, ஒன்றிரண்டு துப்பாக்கி, வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறார்கள் என்றால் இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

## தீத்தடுப்புப் பெட்டகம்

பார்த்ததும் மனசுக்குத் தெம்பு தரும் பொருள். 300 கிலோ, தடித்த கதவு, சக்கரம் போன்ற கைப்பிடி. அமெரிக்காவின் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் சோதனையில் வீட்டுப் பெட்டகத்துக்கான தரத்தின் தொடக்க நிலை, கைக்கருவிகளோடு முயலும் ஒருவரை 5 நிமிடம் தாங்குவது. டிஎல் 15 என்ற தரம் பெரிய கருவிகளை 15 நிமிடம் தாங்க வேண்டும். வெளிப்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் இந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். ஜெர்மனியில் 2017 ஜூலைக்குப் பின் புதிதாக வாங்குபவர் இஎன் 1143-1 என்ற ஐரோப்பியத் தரத்தில் குறைந்தது 0 நிலைப் பெட்டகம் வைக்க வேண்டும். அதாவது உலகின் போக்கு இந்தப் பக்கம்தான்.

ஆனாலும் நம் ஊரில் நான் இதை யோசித்துத்தான் சொல்வேன். தீத்தடுப்புக்கு உள்ளே வைப்பது பெரும்பாலும் ஜிப்சம் பலகை. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். தீ சூடு ஏறும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறுவதால்தான் உள்ளே குளிர்ச்சி. சாதாரண நாளிலும் அந்தப் பலகையும் அதன் மேல் ஒட்டிய துணியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கதவு இறுக்கமாக மூடுவதால் போக வழியில்லை. மழைக்காலத்தில் திறந்தால் ஊறுகாய் ஜாடி திறந்ததுபோல ஒரு வாடை அடிக்கும். அப்படி அடித்தால் குழலுக்குள் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இங்கே சிலிக்கா ஜெல் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நீலம் இளஞ்சிவப்பாக மாறியதும் அடுப்பில் காயவைத்து மறுபடி போட வேண்டும். அந்தச் சிரத்தை உங்களுக்கு உண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. வீட்டு மாடித் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ கணக்கில் வடிவமைப்பார்கள். 300 கிலோ பெட்டகம் நிற்பது அதில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில். மாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். பலகைத் தளம் என்றால் பேச்சே வேண்டாம். தரைத் தளத்தில் கான்கிரீட் மேல் வைக்கலாம். வெள்ளம் ஏறும் பகுதியென்றால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் மேடை கட்டி அதன் மேல். தூக்கி வரும் கூலி, வாசல்படி இடித்துப் பூசும் செலவு எதுவும் விலைப்பட்டியலில் இருக்காது.

மின்னணுப் பூட்டா, சாவியா என்றால், சாவியோடு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நம் வீடுகளில் முக்கியமான சாவி எல்லாம் எங்கே இருக்கும்? சாமி மேடையில், முருகர் படத்துக்குப் பின்னால். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. எண் பூட்டில் அந்தச் சிக்கல் இல்லை. பேட்டரியை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இந்த ஈரத்தில் அதன் முனைகள் பச்சை பூத்துப்போகும். எண் பேத்தியின் பிறந்தநாளாக இருக்கக்கூடாது; முதலில் அதைத்தான் பேத்தியே அழுத்திப் பார்ப்பாள்.

யாருக்குப் பொருந்தும்: பல துப்பாக்கிகள் வைத்திருக்கும் போட்டிச் சுடுநர், விலையுயர்ந்த பழைய இரட்டைக்குழல் வைத்திருப்பவர், வீட்டில் ஆள் இல்லாத நாட்கள் அதிகம் உள்ளவர்.

## பிரித்து இரண்டு இடத்தில் வைப்பது

யாரும் கேட்காத தேர்வு இது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

போல்ட் ரைஃபிளில் போல்ட்டை உருவிவிட்டால் மிச்சம் ஒரு கனமான இரும்புத்தடி. போல்ட்டை வேறு அறையில் ஒரு சின்னப் பெட்டியில் பூட்டிவிடுங்கள். தொலைநோக்கியின் குறி இதனால் மாறாது. நடுவில் மடங்கும் துப்பாக்கி என்றால் இன்னும் சுலபம்: குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். 12 போர் குழல் 28 அல்லது 30 அங்குலம், அதாவது 71 முதல் 76 செண்டிமீட்டர். பெரிய இரட்டைக்குழல் ரைஃபிளின் குழல் 24, 26 அங்குலம்தான். ஆகவே ஒன்றரை மீட்டர் உயரப் பெட்டி தேவையே இல்லை. 80 செண்டிமீட்டர் உள் உயரமுள்ள பெட்டகம் போதும். அதே காசுக்கு இன்னும் தடித்த இரும்பு கிடைக்கும், சின்ன வீட்டிலும் இடம் அடைக்காது.

திருடனுக்குப் பாதிதான் கிடைக்கும். பிள்ளைகள் கைக்கு ஒரு பெட்டி எட்டினாலும் அதற்குள் இருப்பது சுடாது. ஆனால் தனித்தனிப் பாகத்தையும் சட்டம் ஆயுதமாகவே பார்க்கிறது. அதனால் போல்ட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பிரித்து வைத்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் பூட்டு வேண்டும்.

"ராத்திரி பன்றி வந்தால் உடனே எடுக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். தூக்கக் கலக்கத்தில் இருட்டில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, விளக்கைப் போட்டு, போல்ட்டை எடுத்து, நிதானமாக மாட்டிக்கொண்டு போகும் இரண்டு நிமிடம் நல்லது. குருத்தைத் தோண்டும் பன்றி அதற்குள் ஓடிவிடாது. ஓடினால் ஓடட்டும், கன்று தப்பியது.

பெரிய ரைஃபிளுக்கென்று ஒரு நுணுக்கம்: வைக்கும்போது குழல்முனை கீழே, மரக்கட்டை மேலே. நிமிர்த்தி வைத்தால் இயக்கப் பகுதியில் போட்ட எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டையின் கழுத்தில், கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில், ஊறும். எண்ணெய் குடித்த மரம் இளகிவிடும்; .470 போன்றவற்றின் இடியில் அந்த இடத்தில்தான் கட்டை வெடிக்கும். பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல்கள் பலவற்றில் கழுத்துப்பகுதி கறுத்திருப்பதற்கு இதுதான் காரணம். முனைக்கு அடியில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பாய் போடுங்கள்.

தோட்டா எந்த ஏற்பாட்டிலும் துப்பாக்கியோடு வேண்டாம். தனிப்பூட்டு, வெயில் படாத சுவர், லைசென்ஸில் சொன்ன எண்ணிக்கைக்குள். சூட்டில் வெடிமருந்தின் அழுத்தம் ஏறும் என்பது கார்டைட் என்ற பழைய வெடிமருந்துக் காலத்திலேயே தெரிந்த விஷயம். 1911இல் வந்த .416 ரிக்பி தோட்டாவுக்கு அவ்வளவு பெரிய பித்தளைக்கூடு வைத்ததே, வெப்பநாட்டில் அழுத்தம் எல்லை தாண்டாமல் இருக்கத்தான். தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பரண், தோட்டா வைக்கும் இடமல்ல.

## வெளியே ஒப்படைப்பது

பெரிய ஊரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிடம் ஒப்படைப்பது ஒரு வழி. போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாமா என்று லைசென்ஸ் பிரிவில் கேட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டர் போய் வர வேண்டும், வாடகை கட்ட வேண்டும், அங்கே யாரும் உங்கள் குழலைத் துடைத்து எண்ணெய் போட மாட்டார்கள். ஒப்படைக்கும்போது வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள், நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லயத்து வீட்டில் இருப்பவருக்கு இதைத் தவிர நான் வேறெதையும் சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு பலகைச் சுவர், அந்தப் பக்கம் வேறு குடும்பம். அங்கே எந்தப் பெட்டியை எதில் பூட்டுவது? இரண்டு மாதம் இந்தியாவுக்குப் போகிறீர்கள் என்றாலும் இதுதான்.

இன்னொரு நிலைமை இருக்கிறது, சங்கடமானது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் ஒருவர் மனம் உடைந்து கிடக்கிறார், குடி கட்டுமீறிப் போய்விட்டது, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லை தாண்டுகிறது. அந்த நேரத்தில் எந்தப் பெட்டி நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். எண் பூட்டின் எண் தெரிந்தவரே அந்த ஆளாக இருந்தால் பூட்டு எதற்கு?

லைசென்ஸ்காரர் இறந்துபோனாலும் துப்பாக்கி மகனுக்குத் தானாக வந்துவிடாது. போலீஸுக்குச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்துவிட்டு, விருப்பமிருந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் காகிதம் எங்கே இருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் மனைவியிடம் முன்பே சொல்லிவையுங்கள். எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை.

## வெல்டிங் கடைக்குப் போகும் முன்

குழலைக் கழற்ற முடியாத துப்பாக்கி, கல் வீடு, கையில் அளவான காசு என்றால் அலமாரி அடிப்பதுதான் வழி. தொலைநோக்கியைப் பூட்டிய நிலையில் ரைஃபிளின் நீளத்தையும் அகலத்தையும் வீட்டிலேயே நாடாவால் அளந்து, எண்ணை மட்டும் எழுதி எடுத்துப் போங்கள். துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். நீளத்துக்கு மேல் ஒரு சாண் விடுங்கள். 3 மில்லிமீட்டர் தகடு, பின்பக்கம் நாலு ஓட்டை, அடியில் இரண்டு, வெப்பக் கம்பியின் மின்கம்பி உள்ளே வர ஒரு விரல் அகல ஓட்டை. ரைஃபிள் போல்ட்டுக்கான சின்னப் பெட்டியைத் தனியாக, வேறு பூட்டோடு செய்யச் சொல்லுங்கள். இதற்குள்ளேயே ஒரு அறையாக வைத்துத் தருகிறேன் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயிண்ட் அடித்து வந்ததும் கதவைத் திறந்துபோட்டு ஒரு வாரம் காயவிடுங்கள். வாடை இருக்கும்வரை அந்த ஆவி குழலின் பூச்சையும் கட்டையின் மெருகையும் கெடுக்கும்.